ராபின் சிங்கின் ஏழரை

ஒருநாள் ஆட்டங்கள் 136. ரன் 2336, சராசரி 25.95, விக்கெட் 69, சதம் ஒன்றே ஒன்று. டெஸ்ட்டும் ஒன்றே ஒன்று. இந்திய அணிக்கு ஆடிய ராபின் சிங்கைப் பார்த்தே இராத இன்றைய பையன் ஒருவனிடம் இந்தக் கணக்கை நீட்டினால், "சுமார்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவான். அவன் மேல் தப்பில்லை. அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு மனிதன் தன் 33 வயதுக்கு மேல் சேர்த்தது என்பதை ஸ்கோர் அட்டை சொல்லாது.

கதை வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் ஒன்றான ட்ரினிடாடில் ஆரம்பிக்கிறது. தீவின் தெற்கே பிரின்ஸஸ் டவுன் என்ற ஊர். 1845இல் முதல் கப்பல் போனதிலிருந்து, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கிய தீவு அது. பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து, கொஞ்சம் பேர் நம் மதராஸ் துறைமுகத்திலிருந்தும். அப்படி வேர் பிடித்த ஒரு குடும்பத்தில் 14 செப்டம்பர் 1963இல் பிறந்தவர் ரபீந்திர ராம்நாராயண் சிங், சுருக்கமாக ராபின். இடதுகை பேட்டிங், வலதுகை மித வேகம். அந்தக் காலத்து வெஸ்ட் இண்டீஸ் அணியை யோசித்துப் பாருங்கள்: கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ், ரிச்சர்ட்ஸ், லாயிட், மார்ஷல், கார்னர். மித வேகத்தில் பந்து போடும் ஒரு பையனுக்கு அங்கே எந்த இடம் காலியாக இருந்திருக்கும்? வெஸ்ட் இண்டீஸ் வாரியத்திடம் பேட்டை உடைத்துப் போட்டுவிட்டு வரவில்லை அவர். படிக்க வந்தார். மதராஸ் பல்கலைக்கழகம், பொருளாதாரம்.

அப்புறம் மதராஸ் அவரை விடவில்லை.

மதராஸ் லீக் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு விஷயம். கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்து அணி நடத்தும், மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் ஆடுகிறவனும் நாளைக்கு ரஞ்சி ஆடப்போகிறவனும் ஒரே மைதானத்தில் வேர்த்து வடிவார்கள், காலை ஒன்பதரைக்கே வெயில் மண்டையைப் பிளக்கும். மெரினா மைதானத்திலோ குருநானக் கல்லூரி மைதானத்திலோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஓசியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே டைவ் அடிப்பது என்றால் முழங்கைத் தோலைக் காணிக்கை கொடுப்பது. தரை அப்படி. அந்த ஊரில்தான் இவர் ஃபீல்டிங்கைக் காப்பாற்றி வைத்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

1985-86இல் தமிழ்நாடு அணிக்கு ஆட வந்தார். 1987-88இல் வாசுதேவன் தலைமையில் ரஞ்சிக் கோப்பை. சேப்பாக்கத்தில் ரயில்வேஸை வென்றது நம் அணி. அதற்கு முன் தமிழ்நாடு, அன்றைக்கு மதராஸ், ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55இல். நடுவில் முப்பத்து மூன்று வருடம். அதற்குப் பிறகு இன்றுவரை இன்னொன்று வரவில்லை என்பதால், 87-88 அணியில் ஆடியவர்களுக்கு நம் ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு, ராபினுக்கும் அதில் பங்கு உண்டு.

1989இல் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸ் போனது. இவரும் போனார், ட்ரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து இந்தியக் குடிமகனாக. மார்ச் 11, போர்ட் ஆஃப் ஸ்பெயின், குவீன்ஸ் பார்க் ஓவல். பிறந்த தீவில், பிறந்த தீவின் ஆட்கள் ஆடுகிற அணிக்கு எதிராக, தாத்தா பாட்டிகள் விட்டு வந்த நாட்டுக்காக முதல் ஆட்டம். சினிமாவில் வைத்தால் ஓவர் என்று சொல்வோம். சினிமாவாக இருந்தால் ஹீரோ அன்றைக்குச் சதம் அடித்திருப்பார், நிஜத்தில் இந்தியா அந்த ஒருநாள் தொடரை 5-0 என்று தோற்றது, ராபினுக்குக் கிடைத்தது இரண்டு ஆட்டம். அதோடு சரி. அதே பயணத்தில் நம்ம ஊர் ஆஃப் ஸ்பின்னர் வெங்கடரமணாவுக்குக் கிங்ஸ்டனில் ஒரு டெஸ்ட் கிடைத்தது, அவருக்கும் அதுவே முதலும் கடைசியும்.

அடுத்த ஆட்டம் எப்போது தெரியுமா? 1996 அக்டோபர், டைட்டன் கோப்பை. நடுவே ஏழரை வருடம். ஜாதகக்காரரிடம் கேட்டால் பெயரே சொல்லியிருப்பார்.

இந்த ஏழரையைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் எரிச்சல். 25 வயதில் கழற்றிவிடப்பட்டவர் 33 வயதில் திரும்பி வருகிறார். ஒரு பேட்ஸ்மேனின் கண்ணும் காலும் சேர்ந்து வேலை செய்கிற வருடங்கள் அவைதான். அதை முழுக்க ரஞ்சியிலும் லீக்கிலும் செலவழித்தார். இடையில் தமிழ்நாடு 1991-92இல் டெல்லியிடமும் 1995-96இல் கர்நாடகத்திடமும் ரஞ்சி இறுதியாட்டத்தில் தோற்றது. முதல்தரக் கிரிக்கெட்டில் இவர் கணக்கு கிட்டத்தட்ட 7000 ரன், 170க்கு மேல் விக்கெட், 40க்கு மேல் சராசரி. தேர்வாளர்கள் கண்ணில் படாத கணக்கு இல்லை அது. அந்த நாளில் ஆறாம் இடம், ஏழாம் இடம் என்றாலே கபில் தேவ், மனோஜ் பிரபாகர் என்று எழுதி வைத்திருந்தார்கள், அது நியாயமும்தான், கபிலை எடுத்துவிட்டு ராபினைப் போடு என்று நானே சொல்லமாட்டேன். ஆனால் ஏழரை வருடத்தில் ஒரு ஆட்டத்துக்குக்கூடவா வாய்ப்பில்லை? சரி, விடுங்கள்.

96 உலகக் கோப்பையோடு பிரபாகர் விலகினார், டெண்டுல்கர் கேப்டன் ஆனார், கீழ்வரிசையில் அடிக்கவும் ஐந்தாறு ஓவர் போடவும் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் கதவு திறந்தது.

வந்தவர் என்ன செய்தார் என்பதை ரன் கணக்கில் தேடினால் பாதிதான் கிடைக்கும். அன்றைய இந்திய அணியில் ஃபீல்டிங் என்பது பந்தின் பின்னாலேயே மரியாதையாக ஓடி எல்லைக்கோடு வரை வழியனுப்பி வைப்பது. அசாருதீனும் அஜய் ஜடேஜாவும் விதிவிலக்கு. அங்கே 33 வயதில் ஒரு ஆள் வந்து கவரிலும் மிட்விக்கெட்டிலும் குப்புற விழுகிறார், விழுந்த வேகத்தில் எழுந்து எறிகிறார், நீலச் சட்டையின் முன்பக்கம் முழுக்க மண்ணும் புல்லும். ஒரு ஆட்டத்தில் இப்படிப் பதினைந்து ரன்னாவது மிச்சம் பிடித்திருப்பார் என்பது என் கணக்கு, யாரும் எழுதி வைக்கவில்லை. பேட்டிங்கிலும் அதே கதைதான். அழகான கவர் டிரைவ் எல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக்கூடாது. லெக் பக்கம் இழுத்து அடிப்பார், தட்டிவிட்டு ஓடுவார், மற்றவர்கள் ஒன்றோடு நிற்கிற இடத்தில் இரண்டாவதுக்குத் திரும்பிவிடுவார். எதிர்முனையில் கொஞ்சம் குண்டானவர் நின்றால் அவர் பாடு திண்டாட்டம்.

டாக்கா ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 18 ஜனவரி 1998, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சுதந்திரக் கோப்பையின் மூன்றாவது இறுதியாட்டம். பாகிஸ்தான் 48 ஓவரில் 314. சயீத் அன்வர் 140, இஜாஸ் அகமது 117. அன்றுவரை உலகத்தில் எந்த அணியும் ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவு ரன்னைத் துரத்தி ஜெயித்ததில்லை. எங்கள் வீட்டில் பாதிப் பேர் இடைவேளையிலேயே டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். டெண்டுல்கர் 26 பந்தில் 41 அடித்து அவுட், ஸ்கோர் 71. அடுத்து வருவது அசார் என்று பார்த்தால், ஹெல்மெட்டுக்குள் ராபின் சிங். "இவனை எதுக்கு இப்ப அனுப்புறான்" என்று சித்தப்பா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மறுமுனையில் கங்குலி. இரண்டு பேரும் இடதுகை, மற்றபடி ஒருவருக்கொருவர் சம்பந்தமே கிடையாது: ஒருவர் ஆஃப் பக்கம் நின்ற இடத்தில் நின்று அழகாக வெட்டுவார், இன்னொருவர் லெக் பக்கம் மூச்சிரைக்க ஓடுவார். 179 ரன் சேர்த்தார்கள். ராபின் 82, அதுவும் 83 பந்தில். அவர் போகும்போது ஸ்கோர் 250, ஆட்டம் நம் கைக்குள் வந்திருந்தது. அதன் பிறகு நாம் வழக்கம்போல விக்கெட்டுகளைச் சிந்தி, வெளிச்சம் மங்கி, கடைசி இரண்டு பந்தில் மூன்று ரன் என்ற நிலையில் சக்லைன் முஷ்தாக் பந்தை ஹிருஷிகேஷ் கனித்கர் லெக் பக்கம் எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். ஊர் முழுக்கப் பட்டாசு. மறுநாள் கங்குலி 124, கனித்கர் நான்கு என்றுதான் பேச்சு. ராபினை யாரும் மறக்கவில்லை, ஆனால் மூன்றாவதாகத்தான் சொன்னார்கள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், 1997இல், கொழும்பில் இலங்கைக்கு எதிராக அவருடைய ஒரே சதம். அந்த வருடம் டிசம்பரில் குவாஹாட்டியில் மறுபடி இலங்கை, 22 ரன்னுக்கு 5 விக்கெட். இலங்கையைக் கண்டால் இவருக்கு என்ன கோபமோ. 1999 உலகக் கோப்பையில் டாண்டனிலும் அதே கதை: கங்குலி 183, திராவிட் 145, 318 ரன் ஜோடி என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற ஆட்டம், அதில் 31 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தது யார் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஸ்ரீநாத் என்பார்கள்.

அந்த உலகக் கோப்பையில் அவரைத் திட்டியவர்களும் உண்டு. டாண்டனுக்கு ஒரு வாரம் முன்பு, லெஸ்டரில் ஜிம்பாப்வே. அப்பாவை இழந்த டெண்டுல்கர் ஊருக்குத் திரும்பியிருந்தார். 253 அடிக்க வேண்டும், இரண்டு ஓவரில் 9 ரன், கையில் மூன்று விக்கெட், ராபின் 35இல் நிற்கிறார். ஹென்றி ஒலோங்கா ஒரே ஓவரில் மூன்றையும் எடுத்தார், முதலில் போனது ராபின். மூன்று ரன்னில் தோல்வி. கடைசி வரை நின்று முடித்துக் கொடுக்கத்தான் அவரை அணியில் வைத்திருந்தார்கள், அன்றைக்கு முடிக்கவில்லை, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதே உலகக் கோப்பையில், லண்டன் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 17 ரன்னுக்கு 4 விக்கெட் போய் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தபோது ஜடேஜாவோடு நின்று 141 ரன் சேர்த்து 75 அடித்ததும் இதே ஆள்தான். தோற்ற ஆட்டம், அதனால் கணக்கில் வரவில்லை.

டெஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1998 அக்டோபர், ஹராரே, ஜிம்பாப்வேக்கு எதிராக. வயது 35. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 27 ரன். இந்தியா 61 ரன்னில் தோற்றது, மறுபடி கூப்பிடவில்லை. இதில் ஒரு வேடிக்கை, மூன்றே மாதம் கழித்து ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக டெல்லியிலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளர் டெஸ்ட்டில் அறிமுகமானார். அவர் பெயரும் ராபின் சிங். அவருக்கும் அந்த ஒரே டெஸ்ட்தான். வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு அந்த இரண்டு ராபின்களும் செய்த உதவி கொஞ்சநஞ்சமில்லை.

2001இல் ஆஸ்திரேலியா வந்திருந்தபோது ஆடிய ஒருநாள் தொடரோடு இந்திய அணியில் அவர் ஆட்டம் முடிந்தது. யுவராஜ், கைஃப் எல்லாம் வந்து டைவ் அடிப்பது சாதாரண விஷயம் ஆகிக்கொண்டிருந்த நேரம். 2007இல் அதே அணிக்கு ஃபீல்டிங் கோச்சாகத் திரும்பி வந்தார். அந்த வருட டி20 உலகக் கோப்பையில், டர்பனில் பாகிஸ்தானோடு ஆட்டம் சமனாகி, ஸ்டம்பைக் குறிபார்த்து எறிகிற அந்த விசித்திரப் போட்டியில் சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூன்று பேரும் அடித்தார்களே, பாகிஸ்தான் மூன்றையும் கோட்டைவிட்டதே, அது செப்டம்பர் 14. கோச்சின் பிறந்தநாள். 2009இல் பெரிய விளக்கம் எதுவும் இல்லாமல் அவரையும் வெங்கடேஷ் பிரசாத்தையும் ஒன்றாக அனுப்பினார்கள். மறுபடி அதே பழக்கம்.

ஐபிஎல்லில் முதல் வருடம் டெக்கான் சார்ஜர்ஸ் கோச், கடைசி இடம். பிறகு மும்பை இந்தியன்ஸ். 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது, பெங்களூரை மும்பை வென்றது. நம் கூட்டத்துக்கு மும்பை மேல் பாசம் வர நியாயமில்லை, ஆனால் அந்த மைதானத்தில் ரஞ்சி ஜெயித்த ஆள் இருபத்து மூன்று வருடம் கழித்து அங்கேயே இன்னொரு கோப்பை எடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகும் பல வருடம் மும்பையின் பயிற்சிக் குழுவில் இருந்தார், 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் கிரிக்கெட் பொறுப்புக்குப் போனார்.

ஏழரை வருடம் வீணாகாமல் இருந்திருந்தால் 250 ஆட்டம், 5000 ரன் என்று போயிருக்குமா? போயிருக்கலாம், 1992லேயே முட்டி போய் முடிந்தும் இருக்கலாம். டாக்கா ஆட்டத்தின் துண்டுகள் யூடியூபில் கிடக்கின்றன. கங்குலியின் ஷாட்களுக்காகத்தான் எல்லோரும் போடுவீர்கள், போடுங்கள், நடுவில் அந்த இரண்டாவது ரன்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.