எந்தப் பதிப்பு, யார் கையில் கத்தி

தேவதைக் கதைகளைப் பெண்ணிய நோக்கில் பாடம் நடத்தும்போது வரும் குழப்பத்தில் பாதி, பதிப்பால் வருவது. மாணவர்களின் கையில் ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் புத்தகம் இருக்கும். மனதில் ஓடுவது சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன். இளவரசன் முத்தமிட்டு ஸ்னோ ஒயிட்டை எழுப்பினான் என்று கட்டுரையைத் தொடங்குவார்கள். கிரிம்மில் அப்படி முத்தமே கிடையாது. அவர்களின் கடைசிப் பதிப்பான 1857 பதிப்பில் சவப்பெட்டியைச் சுமப்பவர்கள் தடுக்குகிறார்கள். அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது. முதல் பதிப்பான 1812 பதிப்பில் பெட்டியைச் சுமந்து சுமந்து அலுத்துப்போன வேலைக்காரன், எரிச்சலில் அவள் முதுகில் ஓர் அறை விடுகிறான். மூன்று பக்கத்துக்கு முத்தத்தையும் சம்மதத்தையும் அலசியிருந்தால் அத்தனையும் வீண்.

அதனால் 1812, 1857 இரண்டையும் அக்கம்பக்கமாக அச்சிட்டுக் கொடுப்பதுதான் முதல் வேலை. ஒரு வகுப்புக்கு ஒரு கதை போதும். தொடங்குவதற்கு ரபுன்ஸல் வாகானது. 1812இல் தன்னைக் கோபுரத்தில் அடைத்துவைத்தவளிடம் அவள் கள்ளமில்லாமல் கேட்கிறாள், என் உடையெல்லாம் ஏன் இறுக்கமாகிவிட்டது என்று. இளவரசன் ரகசியமாக வந்துபோனதால் உண்டான கர்ப்பம் அந்தக் கேள்வியில் வெளிப்பட்டுவிடுகிறது. பிந்திய பதிப்பில் அது போய், இளவரசனைவிட உங்களை மேலே இழுக்க ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்கிறாள். உடல் காட்டிக்கொடுத்த இடத்தில் வாய் உளறுகிறது, பெண் அசடாகிறாள். ஆனால் கதை முடிவில் இரட்டைக் குழந்தைகள் அப்படியே இருக்கிறார்கள். கர்ப்பத்தை நீக்கியவர்கள் பிள்ளைகளை நீக்கவில்லை. இந்த ஒட்டுப்போட்ட இடத்தை மாணவர்களே கண்டுபிடிக்க விட வேண்டும், நாம் முந்திக்கொள்ளக் கூடாது.

ஸ்னோ ஒயிட்டில் 1812இல் பெற்ற தாயாக இருந்தவள் 1819இல் மாற்றாந்தாய் ஆனதையும் கூடவே காட்டலாம். தாய்–மகள் பகை பற்றி எழுதுகிறவர்கள் எந்தத் தாயைச் சொல்கிறார்கள் என்று ஓரத்தில் ஆண்டைக் குறிக்கச் சொன்னாலே பல வாதங்கள் ஒழுங்குக்கு வரும்.

அடுத்தது, கதை வரிகளின் கீழே மூன்று வண்ணக் கோடு. உடல் தானாகச் செய்வது ஒரு நிறம், உடலுக்குப் பிறர் செய்வது ஒரு நிறம், உடல் பார்க்கப்படுவது ஒரு நிறம். இரண்டாவது நிறம் விழும் ஒவ்வொரு இடத்திலும் செய்தவர் யார் என்று எழுத வேண்டும். சிண்ட்ரெல்லாவின் கிரிம் வடிவத்தில் இதை நன்றாகச் சோதிக்கலாம். செருப்புக்குள் காலை நுழைக்க, மாற்றாந்தாயின் மகள்களில் மூத்தவள் கால்விரலை வெட்டுகிறாள், இளையவள் குதிகாலைச் சீவுகிறாள். "ஆணாதிக்கம் காலை வெட்டியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தப்பில்லை, ஆனால் அவசரம். கத்தியை நீட்டுவது தாய். ராணியானால் நடக்கவே வேண்டியதில்லை என்று கணக்குச் சொல்பவளும் அவள்தான். வெட்டிக்கொள்வது மகள். அளவு, இளவரசன் கையிலிருக்கும் செருப்பு. மூன்றையும் தனித்தனியாக எழுதிய பிறகு ஆணாதிக்கம் என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குக் கனம் கூடும்.

இளவரசி என்றாலே செயலற்றவள் என்ற முடிவும் இப்படித்தான். தவளை இளவரசன் கதையில் மந்திரம் கலைவது, அவள் கோபத்தில் தவளையைச் சுவரில் அறைந்ததால்.

கையிழந்த பெண்ணின் கதையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. தகப்பனே கைகளை வெட்டுகிறான். அரசன் அவளை மணந்து வெள்ளிக் கைகள் செய்து தருகிறான். மாணவர்கள் உடனே குறியீட்டுக்குத் தாவுவார்கள். அதற்கு முன், அந்தக் கைகள் எதையாவது பிடிக்கின்றனவா என்று கதையில் தேடச் சொல்லுங்கள். அரண்மனையை விட்டு அவளை அனுப்பும்போது மாமியார் குழந்தையை அவள் முதுகில் கட்டிவிட வேண்டியிருக்கிறது. காட்டில் ஏழு ஆண்டுகள் வாழ்கிறாள்; சொந்தக் கைகள் மறுபடி வளர்கின்றன. தேடி வரும் அரசனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை: என் மனைவிக்கு வெள்ளிக் கைகள் அல்லவா என்கிறான். காட்டில் அவளைப் பார்த்துக்கொண்ட தேவதூதர் உள்ளே போய் அந்த வெள்ளிக் கைகளை எடுத்துவந்து காட்டிய பிறகே நம்புகிறான்.