வன்னி வெயிலில் காபன் பொனற்றும் பைபர் பொனற்றும்

காருக்குக் காபன் இழையில் செய்த பொனற் (இயந்திரத்தின் மேல்மூடி) பூட்டலாமா என்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எடைக்காகக் கேட்பவர்களைவிட, அந்தக் கறுப்பு நெசவு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்பவர்களே அதிகம். எமது வெயிலையும் வீதிகளையும் கணக்கிலெடுத்தால், பெரும்பாலானோருக்குப் பைபர்கிளாஸே (கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் இறுக்கிய தகடு) போதும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், காபன் இழையினுடையது 1.8 கிராம் வரை. உண்மையான வேறுபாடு விறைப்பில் இருக்கிறது. சாதாரணக் காபன் இழை கண்ணாடி இழையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது என்பதால், மெல்லிய தகடே வளையாமல் நிற்கிறது. 1981இல் மக்லாரன் பந்தய அணி தன் பந்தயக் காரின் உடற்கூட்டைக் காபனில் செய்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் கொர்வெட் கார் 1953 முதலே பைபர்கிளாஸ் உடலோடு ஓடியிருக்கிறது. கல் தெறிக்கும் கிளை வீதிகளில் பைபர்கிளாஸ் சற்று வளைந்து கொடுக்கும். காபன் வளையாமல் வெடிக்கும். வெடித்த பைபரைத் திருத்த, முல்லைத்தீவுக் கரையில் படகுகளுக்குக் கண்ணாடி இழைப் பாய் விரித்து ரெசின் பூசும் கைகளே போதும். காபன் மின்னைக் கடத்துவதால், உப்பு ஈரத்தில் அலுமினியத்தை நேரே தொட்டால் அந்த உலோகத்தை அரிக்கச் செய்யும் என்பதையும் கரையோரத்தார் நினைவில் வைக்க வேண்டும்.

பெயின்ற் வேலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்; கெடுவதும் ஒரே இடத்தில்தான். அச்சிலிருந்து வரும் தகட்டின் மேல் மெழுகு ஒட்டியிருக்கும். அதைக் கரைப்பானால் துடைக்காமல் அரத்தாள் போட்டால், மெழுகு கீறல்களுக்குள் புகுந்து, பின்னர் பெயின்ற் மீன்கண் போல விலகி நிற்கும். துடைத்த தகட்டில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: துளி துளியாக உருண்டால் மெழுகு இன்னும் போகவில்லை, படலமாகப் பரவினால் போய்விட்டது. அதன் பிறகு 320 இலக்க அரத்தாளால், இழை வெளியே தெரியாத அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். ஊசித்துளைகளைப் பிறைமரால் (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மூட முயல்வது வீண். சன்னமான பட்டியை ஒரு பிளாஸ்ரிக் தகட்டால் அழுத்தி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்படி இழுக்க வேண்டும். பிறைமரின் மேல் கறுப்பை மெல்லியதாகத் தூவி, கட்டையில் சுற்றிய அரத்தாளால் தேய்த்தால், கறுப்பு எஞ்சும் இடமெல்லாம் பள்ளம் என்று தெரிந்துவிடும்.

பொலியெஸ்ரர் ரெசினில் செய்த புதிய பைபர் தகடு ஒரேயடியாக இறுகி முடிவதில்லை. அவசரமாகப் பெயின்ற் அடித்தால், ரெசின் வெயிலில் மேலும் சுருங்கி, உள்ளிருக்கும் இழையின் கோலம் பளபளப்பின் மேல் எழுந்து தெரியும். ஆகவே பிறைமருக்கு முன்னரே தகட்டை வாகனத்தில் பூட்டி, சில நாள்கள் வெயிலில் விட்டு இறுக வைப்பது நல்லது. காபனின் கறுப்பு நெசவுக்குக் கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) மட்டும் அடித்து விட்டால் வெப்பமும் கூடும். புறவூதாக் கதிரைத் தடுக்காத கிளியரானால், காபன் இழையைப் பிணைக்கும் எப்பொக்சி ரெசின் மஞ்சளாகவும் மாறும். அதனால் காபனே வேண்டும் என்பவருக்கும் வெள்ளையோ வெளிர்சாம்பலோ அடிக்கவே சொல்வேன்.

சோளகம் தூசியை அள்ளி வீசும் மாதங்களில் நிலத்தை நனைத்து, காற்று எழுமுன் காலையிலேயே கிளியரை முடித்துவிட வேண்டும். கிளியரை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்று நுரையீரலுக்கு நிரந்தரத் தீங்கு செய்யக்கூடியது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அதற்குரிய சுவாசக் கவசம் இல்லாமல் எந்தப் பொடியனையும் பெயின்ற் தெளிக்கும் துவக்கைப் பிடிக்க விடாதீர்கள்.