உண்டியலில் 240, வங்கியில் 203

2021 நவம்பர் கடைசியில் ஒரு பின்னேரம், படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இருபது வயது மதிக்கத்தக்க பெடியன். என் பெயரைக் கேட்டான், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் பெயரைச் சொன்னான், சொப்பிங் பையில் சுற்றிய கட்டை நீட்டினான். "எண்ணிப் பாருங்கோ அண்ணை." எண்ணினேன். 185,000 ரூபா. சரியாக இருந்தது. அம்மா விறாந்தையில் இருந்தபடியே "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன் தம்பி" என்றா. இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான்.

அது அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு அக்கா உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் மூலம், அனுப்பிய 1,000 கனடா டொலர். அன்றைக்கு வங்கியில் போட்டிருந்தால் 159,000 ரூபா அளவில்தான் வந்திருக்கும். 26,000 வித்தியாசம். அப்போதைய என் சம்பளத்தில் பாதிக்குக் கிட்ட. அக்கா வங்கியில் போடாததற்கு நான் ஏன் கோபிக்கப் போகிறேன்?

நான் படிப்பிப்பது ஏஎல் (உயர்தர வகுப்பு) பொருளியல். பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு கொட்டிலில் ரியூசன். அந்த மாதம் ஓடிக்கொண்டிருந்த பாடம் நாணய மாற்று வீதம். கேள்வி வளையி, நிரம்பல் வளையி, இரண்டும் வெட்டும் இடத்தில் சமநிலை. படம் கீறி முடிக்கவில்லை, பின் வாங்கிலிருந்து ஒருத்தன் கேட்டான்: "சேர், வங்கியில அமெரிக்க டொலர் 203. எங்கட வீட்டுக்கு வாற காசு 240 படி வருது. இதில எது சமநிலை?"

கொட்டிலில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்கும் அந்த மோட்டார் சைக்கிள் போயிருக்கும். நான் புத்தகத்தில் முந்தைய பாடத்தைத் திருப்பச் சொன்னேன். கட்டுப்பாட்டு விலை. அரிசிக்கு அரசாங்கம் உச்ச விலை வைத்தபோது கடையில் அரிசி ஒளிந்தது. செப்ரெம்பர் கடைசியில் அந்த விலையைக் கைவிட்டதும் அரிசி வந்தது, கூடின விலையோடு. டொலரும் அரிசி மாதிரித்தான், 203 என்பது உச்ச விலை, ஒளிந்த அரிசி உண்டியலில் இருக்கிறது என்றேன். "அப்ப டொலருக்கும் எப்ப கைவிடுவினம்?" என்றான். அதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது.

உண்டியல் எப்படி வேலை செய்கிறது என்று புலம்பெயராதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா அங்கே ஒரு கடையில் டொலரைக் கொடுப்பா. இங்கே ஒருவர் எங்களுக்கு ரூபாவைக் கொடுப்பார். அந்த டொலர் இலங்கைக்கு வருவதே இல்லை. இங்கே ரூபாவைப் போட்டவர், அனேகமாக, சரக்கு இறக்கும் ஒரு முதலாளியின் ஆளாக இருப்பார். வங்கியில் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கும் பண உத்தரவாதம்) திறக்க டொலர் கிடைக்காத அவருக்கு, வெளியே நிற்கும் எங்கள் அக்காக்களின் டொலர் டுபாயிலோ சிங்கப்பூரிலோ சரக்குக்குக் கட்டப் பயன்படும். 203க்கு டொலர் இல்லாத ஊரில் 240 கொடுத்தும் அவருக்கு லாபம்தான்.

மத்திய வங்கிக்கும் இது தெரியும். டிசம்பரில், வங்கி வழியாக அனுப்பினால் டொலருக்கு மொத்தம் 10 ரூபா கூடத் தருவதாக அறிவித்தார்கள். 203 உடன் 10. உண்டியல்காரர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார். 2020 டிசம்பரில் 813 மில்லியன் டொலர் வங்கிகள் வழியாக வந்த இடத்தில், 2021 டிசம்பரில் வந்தது 325 மில்லியன். வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்கள் ஒரே வருடத்தில் ஏழையாகிவிடவில்லை. காசு வழி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது அந்த டிசம்பர் முடிவில் அறிவித்த ஒதுக்குக் கணக்கை, நாட்டின் கையிருப்பில் உள்ள வெளிநாட்டுக் காசின் கணக்கை, நினைத்தால்தான். 3.1 பில்லியன் டொலர் என்றார்கள். அதில் பாதிக்குக் கிட்டச் சீன மத்திய வங்கியோடு செய்த யுவான் பரிமாற்று ஏற்பாடு. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு எங்களிடம் இருந்தால்தான் அதில் கைவைக்கலாம் என்ற நிபந்தனை பின்னர்தான் வெளியே வந்தது. வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் என்று எழுதி வைத்த சோற்றுப் பார்சல். இதைத் தெரிந்துகொண்டே 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனை முழுதாகக் கட்டினார்கள். பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசை நீண்டுகொண்டிருந்த மாதம் அது.

மார்ச் 7ஆம் திகதி டொலரை 230 ரூபா வரை விடுகிறோம் என்றது மத்திய வங்கி. 230 சில நாட்கள்கூடத் தாங்கவில்லை. மே மாதம் 360. இடையில் ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்ற அறிவிப்பு. மே தொடக்கத்தில் நிதி அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார், பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலரும் இல்லை என்று.

அப்புறம் அம்மாவின் கண். ஜனவரியில் செய்வதாக இருந்தது, இரத்தத்தில் சீனி கூடியிருந்ததால் தள்ளிப் போட்டார்கள். ஏப்ரலில் போனால் லென்ஸ் இல்லை. "கப்பலில வரேல்லை, டொலர் இல்லையாம்" என்றார் கவுண்டரில் இருந்த பிள்ளை. அங்கே ஒரு வாங்கில் இருந்துகொண்டு யோசித்தேன். அந்த லென்ஸை இறக்குகிறவருக்கு வங்கியில் கிடைக்காமல் போன டொலரில் என் அக்காவின் ஆயிரமும் ஒன்று. அதற்காக நான் வெட்கப்படவில்லை, இப்போதும் இல்லை. பொய் வீதத்தைப் பலகையில் எழுதி வைத்தவர்களைவிட எங்கள் வீட்டுக் கணக்கு நேர்மையானது. ஆனால் லென்ஸ் இல்லை என்பதும் உண்மை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு, மாணவர்களிடம் சொன்னதில்லை. அடைத்து வைத்த வீதம் ஒருநாள் உடையும், உடைந்தால் ஒரேயடியாக விழும் என்று கரும்பலகையில் எழுதியவன் நான். அதே நான், அக்காவின் டொலரை 185 படி ரூபாவாக்கி அலுமாரியில் வைத்திருந்தேன். மே மாதம் கனடா டொலர் 280ஐத் தொட்டது. செப்ரெம்பரில் லென்ஸ் வந்தபோது, நவம்பரில் 160,000 கேட்ட இடத்தில் 290,000 கேட்டார்கள். 26,000 உழைத்த கெட்டிக்காரன் மிச்சத்துக்கு அக்காவுக்கே திரும்ப அழைப்பு எடுத்தேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. "நீ பொருளியல்தானே படிப்பிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டா.

சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20இல் இலங்கைக்குக் கடன் தரச் சம்மதித்தது. 1965இலிருந்து எண்ணினால் இது இலங்கையின் 17ஆவது ஏற்பாடு. மாணவர்கள் கப்பல் நிறையக் காசு வருகிறது என்று நினைத்தார்கள். 4 வருடத்தில் சுமார் 3 பில்லியன். முதல் தவணை 333 மில்லியன். நல்ல காலத்தில் எங்கள் ஆட்கள் ஒரு மாதத்தில் அனுப்பியதன் பாதிகூட இல்லை. நிதியத்தின் காசைவிடக் கையெழுத்துத்தான் முக்கியம்: அது விழுந்தால்தான் இந்தியா, சீனா, பிணைமுறிக்காரர் எல்லோரோடும் கடனைக் குறைத்துப் பேசலாம். கையெழுத்துக்கு விலையும் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் மின்கட்டணம் 66 வீதம் கூடியது. எங்கள் வீட்டில் இரவில் ஒரு அறையில் மட்டும் லைட் எரிந்தது.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த காசு 6 பில்லியன் டொலருக்குக் கிட்ட. 2022இல் அது 3.8 பில்லியன். அக்காவும் இப்போது வங்கியில்தான் போடுகிறா. நாட்டுப்பற்று ஒன்றும் கிடையாது. உண்டியலுக்கும் வங்கிக்கும் இடையில் ஒன்றிரண்டு ரூபாதான் வித்தியாசம், அதற்காகக் கடைக்குப் போய் வர அவவுக்கு நேரமில்லை.

போன கிழமை அம்மா விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தி, "அந்தக் காசு கொண்டு வாற பெடியன் ஏன் இப்ப வாறதில்லை?" என்றா. காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"அப்ப எனக்கு அவன் ஒரு நிழல் மாதிரித்தான் தெரிஞ்சவன். ஆர்ட பிள்ளையெண்டும் கேக்கேல்லை."