ஒத்தக்கடைக் கணக்கு

எங்கள் மரவாடிக்கு வயசு முப்பதைத் தாண்டிவிட்டது. அப்பா போட்ட வட்ட ரம்பத்தைக் கழற்றிவிட்டு பேண்ட் சா மாட்டியதைத் தவிர, உசிலம்பட்டியில் நான் வேறு எந்தப் புரட்சியும் செய்ததில்லை. அதனால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிப் பக்கம் மரக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று மிஸ்திரி சொன்னதும் வெள்ளை வேட்டி கட்டி, அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "மரத்தைப் பார்க்க மரவாடிக்காரரே பஸ் ஏறிப் போறாரு" என்றாள் வீட்டுக்காரி. ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணி போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து ஒத்தக்கடை போய்ச் சேர்வதற்குள் வேட்டி பழுப்பாகிவிட்டது. யானைமலை மட்டும் அந்த வெயிலிலும் சொகுசாகப் படுத்துக் கிடந்தது.

உள்ளே போனால் மலைவேம்பு, குமிழ், மகாகனி, செம்மரம், சந்தனம் என்று கன்று கன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். நமக்கு விளைந்த மரத்தோடுதான் சகவாசம், கன்றைப் பார்த்தால் எல்லாம் கீரைக்கட்டு மாதிரிதான் தெரிகிறது. நேராக மெஷின் இருக்கும் பக்கம் போனோம். மரம் விழுந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கைவாக்கில் அறுக்கிற நடமாடும் ரம்பம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்திரி அதன் பிளேடைத் தடவிப் பார்த்த விதத்தில், ராத்திரியே என்னை விட்டுவிட்டு அதோடு போய்விடுவாரோ என்று பயந்துவிட்டேன். பக்கத்தில் மரத்துக்குள் இருக்கிற இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி. அது எனக்கு உடனே வேண்டும்போல் இருந்தது. போன வருஷம் ரோட்டோர வேப்பமரம் ஒன்றை ஏற்றி அறுத்தபோது, எவனோ எப்போதோ விளம்பரத் தட்டி மாட்ட அடித்த ஆணி ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருந்து பிளேடின் பல்லையெல்லாம் காவு வாங்கியது. கருவியின் விலையைக் கேட்டேன். சரி, ஆணி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நகர்ந்துவிட்டேன்.

அங்கேயே பஸ் ஏறியிருக்கலாம், விதி விடவில்லை. ஒரு வாகைத் தடியைக் கிடத்தி, 'எத்தனை கன அடி? சரியாகச் சொன்னால் பரிசு' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டே முன்னால் போனேன். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி. சுற்றளவில் நாலில் ஒரு பங்கு 12, பன்னிரண்டை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் முடிந்தது. "பத்து கன அடி!" என்று ஊருக்கே கேட்கச் சொன்னேன்.

அங்கே நின்ற மாணவி சிரித்துக்கொண்டே, "அது வியாபாரக் கணக்கு சார். தடியில நிஜமா இருக்கிறது 12.73 கன அடி" என்றது. பட்டை, பக்கப் பலகை, மரத்தூள் என்று அறுக்கும்போது கழிகிற மரத்துக்காக முன்கூட்டியே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிவிடுகிற கணக்காம் அது, 18-ம் நூற்றாண்டிலேயே ஹாப்பஸ் என்கிற வெள்ளைக்காரர் போட்டுக் கொடுத்ததாம். அப்பா கணக்கு என்றல்லவா நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்!

"கண் மதிப்புக்குப் பன்னெண்டு, பதிமூணு வரும்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால், எழுமலைப் பக்கத்துப் பெரிய மாமா. இருபது வருஷமாக எனக்கு மரம் போடுகிறவர். பரிசாகக் கிடைத்த அளவு டேப்பைக் கையில் வைத்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என் புளியமரம், மாப்ளே?"

"மாமா, அது கழிவுக்கு..."

"அந்த ரெண்டு வாகை? தங்கச்சி கல்யாணத்துக்கு வெட்டுன வேம்பு?"

விரலை மடக்கிக்கொண்டே போனார். கால்விரல் வரைக்கும் போயிருப்பார், நான்தான் டீ வாங்கிக் கொடுத்து நிறுத்தினேன். கழிவுப் பலகையையும் விறகுக்கு விற்கிறாயே, மரத்தூளையும் மூட்டை போடுகிறாயே என்று அந்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். மிஸ்திரி, என்னிடம் சம்பளம் வாங்குகிற மனுஷன், யானைமலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரமே டிராக்டரில் வாகையோடு வந்து இறங்கினார் மாமா, இடுப்பில் அந்த டேப். நானும் தயாராகத்தான் இருந்தேன். "தாராளமா நிஜ அளவே போடுவோம் மாமா. கழிவு என் தலையில விழுறதால விலையைக் கொஞ்சம் குறைச்சுக்குவோம். பத்து கன அடிக்கு 400 ரூபான்னா 4,000. பன்னெண்டே முக்காலுக்கு 314 போட்டாலும் அதே 4,000 தான் வருது, பாருங்க" என்று கால்குலேட்டரைக் காட்டினேன்.

மாமா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. டேப்பின் நுனியை மிஸ்திரி கையில் கொடுத்துவிட்டு, மரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அளவு ஒத்தக்கடை அளவு மாப்ளே. விலை உசிலம்பட்டி விலை."