முகவரிப் பங்கீடு: மார்ச் குறிப்புகள்

மார்ச் 3, திங்கள்

கிளைகளில் உள்ள கணினி, போன், கேமரா எல்லாவற்றுக்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி) பிரிக்கிறோம். 10.0.0.0/8, அதாவது 10 என்று தொடங்குபவை, முழுசும் நம் கையில், 1,67,77,216 முகவரி. கோட்டுக்குப் பின் எண் கூடக் கூட பிளாக் சிறியது. இவ்வளவு இருக்கும்போது கணக்கு எதற்கு என்கிறார்கள். தட்டுப்பாடு முகவரிக்கு இல்லை, கவலை ரவுட்டிங் டேபிளைப் பற்றி: எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியல். மண்டலத்துக்கு ஒரு /12. 16 மண்டலம் வரை தாங்கும். மதுரைக்கு 10.32 முதல் 10.47 வரை. வெளியே அது ஒரே வரியாகத் தெரிய வேண்டும்: 10.32.0.0/12.

நிலையான ஐபி (கையால் போட்ட, தானாக மாறாத முகவரி) உள்ள கருவிகளின் பட்டியல் வரவில்லை.

மார்ச் 4

கிளைக்கு /20. "20-இலிருந்து ஆரம்பிக்கலாமே, ஞாபகம் இருக்கும்" என்கிறார் ஒருவர். 10.32.20.0/20 என்று ஒரு பிளாக்கே கிடையாது. ஒரு /20 மூன்றாம் எண்ணில் 16 இடம் பிடிக்கும், அதனால் 16-இன் மடங்கில்தான் தொடங்கும்: 0, 16, 32, 48. சில ரவுட்டர்கள் மாஸ்க் (பிளாக்கின் அளவைச் சொல்லும் எண்) பொருந்தவில்லை என்று மறுத்துவிடும், நல்லது. சில ஃபயர்வால்கள் (எதை உள்ளே விடலாம் என்று காவல் காப்பவை) சத்தமில்லாமல் 16-க்கு இறக்கிக்கொள்ளும். அப்புறம் 16 முதல் 19 வரை வேண்டாத கதவு திறந்திருக்கும், 32 முதல் 35 வரை அடைத்திருக்கும். ரூலைப் படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும்!

மார்ச் 6

10.32.16.0/20 கிளை: ஊழியர் கணினிக்கு 16.0/22, வைஃபைக்கு 20.0/22. பிறகு ஒவ்வொரு /24: போன் 24, கேமரா 25, பிரிண்டர் 26, சுவிட்ச் நிர்வாகம் 31. எல்லாக் கிளையிலும் இதே வரிசை. தொடக்க எண்ணோடு 9 கூட்டினால் கேமரா. 27 முதல் 30 வரை காலி. அதைப் பார்த்தால் எல்லாருக்கும் கை அரிக்கும். தொடக்கூடாது.

விண்டோஸ் டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) லீஸ், அதாவது கொடுத்த முகவரியை ஒரு கருவிக்கு வைத்திருக்கும் காலம், மாற்றாவிட்டால் 8 நாள். போன் புது மேக் முகவரியோடு (கருவியின் அடையாள எண்) வந்தால் அதற்குப் புது ஆள் கணக்கு. வைஃபை /22-இன் 1,022 முகவரியும் தீர்ந்து, வைஃபை சிக்னல் முழுசாக இருந்தும் நெட் வராது. விருந்தினர் வைஃபைக்கு 2 மணி நேரம் போதும்.

மார்ச் 7

பட்டியல் இல்லை.

மார்ச் 10

/12-ஐச் சுருக்கி அறிவிக்கும் மண்டல ரவுட்டரில் அதே /12-க்கு நல் ரூட்டும் (null route, வந்த பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும் வழி) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காலி பிளாக்குக்கு வரும் பாக்கெட்டை அது டீஃபால்ட் (வேறு வழி தெரியாதபோது போகும்) வழியே மேலே அனுப்பும், மேலே இருக்கும் ரவுட்டர் திரும்பக் கீழே தள்ளும். டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) தீரும்வரை பந்தாட்டம். எங்கோ ஒரு வைரஸ் ஸ்கேன் ஓட்டினால் லிங்க் திணறும்.

மார்ச் 11

172.17 எந்தக் கட்டடத்துக்கும் கூடாது. டாக்கர் (சர்வரில் மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது) தானாக எடுத்துக்கொள்வது 172.17.0.0/16. கட்டடத்துக்கும் அதையே கொடுத்தால், அங்கிருந்து பிங் சர்வருக்கு வந்து சேரும், டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டைப் பார்க்கும் கருவி) தெரியும். பதில் மட்டும் டாக்கர் பிரிட்ஜுக்குள் (சர்வருக்குள்ளேயே இருக்கும் டாக்கரின் நெட்வொர்க்) போய்விடும். ஊரெல்லாம் சர்வர் ஓடும், அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் செத்துக் கிடக்கும். முழு 172.16.0.0/12-ஐயும் ஒதுக்கி வைத்தால் நிம்மதி.

மார்ச் 13

பட்டியல் வந்துவிட்டது. பயோமெட்ரிக், டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி), பழைய பில்லிங் சர்வர், எல்லாம் 192.168.1. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) கட்டம் பாதிக்கு மேல் காலி. அதே லேனில் (உள் நெட்வொர்க்கில்) இருந்தவரை தேவைப்படவில்லை, சரி. /22-க்கு வருகிறவற்றில் மாஸ்க் பழைய 255.255.255.0 ஆகவே நின்றால் இன்னொரு கூத்து: 10.32.18.40-க்கு கேட்வே 10.32.16.1 பக்கத்தில் இருப்பதாகவே தெரியாது, 18-இல் உள்ளவற்றோடு மட்டும் பேசும். இப்போதே கேட்வே இல்லாதவற்றை இங்கிருந்து மாற்ற முடியாது. கிளைக்கு ஆள் போய், ஏணி போட்டு, ஒவ்வொன்றாக.

மார்ச் 14

சனி இரவு மாற்றம் என்றால் ஏணி யாரிடம்?