மெதுவாகப் போக ஒரு ஜீப்: நாட்குறிப்பு

பிப்ரவரி 10

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 2004 ஜீப் ராங்ளர், டிஜே மாடல். 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். பெயின்ட் மங்கியிருக்கிறது, சீட்டு கிழிந்திருக்கிறது. அதெல்லாம் பரவாயில்லை. நான் முதலில் படுத்துப் பார்த்தது, பின் சக்கரங்களைச் சுற்றும் பின் ஆக்சிலைத்தான். டானா 44 என்ற பலமான வகை என்று உறுதியானதும்தான் விலையே பேசினேன்.

இந்த மாடலில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்னால் டானா 35 வரும். அதில் ஆக்சில் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன சி-கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே உருவிக்கொண்டு வந்துவிடும். பெரிய டயரும், இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரும் போடப்போகிற வண்டிக்கு அது சரிப்படாது. ஆப்ஷனாக டானா 44 வாங்கிய அந்த முதல் சொந்தக்காரர் நன்றாக இருக்கட்டும்.

போக வேண்டிய இடம் ரூபிகன் டிரெயில் என்ற பாறைப் பாதை. கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் இருந்துகொண்டு பாறையில் ஜீப் ஏற்றும் பைத்தியம் பிடித்தவர்களுக்கு வேறு இலக்கே கிடையாது. ஹைவே 50-இல் ஏறி, ஐஸ் ஹவுஸ் ரோட்டில் திரும்பி, லூன் லேக் அணை வரை போனால் அங்கிருந்து கிரானைட் பாறைதான். லேக் டாஹோ பக்கம் போய் முடியும். ஜீப்பர்ஸ் ஜாம்பொரி என்ற ஜீப் பயணம் 1953 முதல் நடக்கிற வழி அது.

பிப்ரவரி 24

இன்று ஸ்பேனரைத் தொடவில்லை. காகிதமும் கால்குலேட்டரும்தான்.

பாறை ஏறும் வண்டி என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு உயரம் தூக்கப்போறே?" என்பதுதான். அடுத்த கேள்வி குதிரைத்திறன். என் கணக்கில் இரண்டுமே பின்னால் வரவேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வண்டி எவ்வளவு மெதுவாக நகரும் என்பது. பாறையில் வேகமாகப் போனால் டயர் துள்ளும். துள்ளி இறங்கும்போது பிடிமானம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று பிடிக்கும். ஷாஃப்டும், அதன் மடங்கும் இணைப்பான யூ ஜாயின்ட்டும் உடைவது அந்த நொடியில்தான்.

கணக்கு இது. முதல் கியரின் விகிதம் 4.01. கியர்பாக்ஸிலிருந்து விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸின் லோ ரேஞ்ச் 2.72. ஆக்சில் பல் விகிதம் 3.73 (டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் தொங்கும் சின்னத் தகட்டில் அடித்திருக்கிறது). மூன்றையும் பெருக்கினால் 40.7. அதாவது எஞ்சின் சுமார் நாற்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஊரில் ஓட்டுவதற்கு இது தாராளம், பாறைக்குப் போதாது. 33 அங்குல டயர் மாட்டினால் இன்னும் மோசம். பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகுமே.

ஆக்சில் பல்லை 4.88 ஆக்கி, டிரான்ஸ்பர் கேஸை 4:1 ஆக்கினால் 4.01 × 4 × 4.88 = 78. ஐடில் 700 ஆர்பிஎம் என்றால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. தவழும் குழந்தை முந்திக்கொண்டு போய்விடும். எனக்கு வேண்டியது இந்த வேகம்தான்.

எஞ்சினைத் தொடுவதாக இல்லை. கலிபோர்னியாவில் இந்த வயது வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புகைச் சோதனை உண்டு. புகையைப் பாதிக்கும் பாகத்தை அனுமதி எண் இல்லாமல் எஞ்சினில் மாட்டினால் அங்கே தேறாது. தவிர, இந்த 4.0 கீழ் சுற்றிலேயே இழுவை கொடுக்கும் எஞ்சின். ஐடிலில் முக்கி முக்கி ஏறுமே தவிர அணையாது. அதன் வழியில் விட்டுவிடுவதே நல்லது.

மார்ச் 9

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றியாகிவிட்டது. இரண்டரை அங்குல உயரம், அதோடு பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு அங்குலக் கட்டைகள். அவ்வளவுதான். ஆறு அங்குலம் தூக்கலாம், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் தூக்கத் தூக்க எடை மையம் மேலே போகும். பக்கச் சரிவில் ஒரு சக்கரம் கல் மேல் ஏறும்போது, அந்தக் கூடுதல் அங்குலங்கள்தான் வண்டியைக் கவிழ்ப்பது. டயர் உரசாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு உயரம் போதும். மீதி இடத்தை வயிற்றுக்கு அடியில் சம்பாதிக்கலாம். அது மே மாத வேலை.

ஏப்ரல் 6

இன்றைய வேலையை நிதானமாக எழுதி வைக்க வேண்டும். ஆக்சில் பல் விகிதத்தைத் தீர்மானிக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றுகிறோம்.

"றோம்" என்றால் நானும் அண்ணாவும். கோயம்புத்தூரில் பட்டறையிலேயே வளர்ந்தவர், இங்கே வந்து இருபது வருடமாக மெஷின் ஷாப் வேலை. பத்து நிமிட தூரத்தில் வீடு. டயல் கேஜ், பேரிங் புல்லர், பிரஸ் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறார்.

டானா 44-இல் 3.73-க்கு மேலே போகும்போது உள்ளே கிரவுனைத் தாங்கும் கேரியரும் மாற வேண்டும். பழைய கேரியரில் 4.88 கிரவுன் உட்காராது. எப்படியும் லாக்கர் போடப்போகிறோம், அது தன் கேரியரோடுதான் வரும் என்பதால் இரண்டும் ஒரே செலவில் முடிந்தது. ஆனால் பாகம் விற்ற கடை முதலில் 3.73-ம் அதற்குக் கீழும் உள்ள பல்லுக்கான கேரியரை அனுப்பிவிட்டது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்க இரண்டு வாரம் போயிற்று. பார்சலைப் பிரித்ததுமே பாக எண்ணைச் சரிபார்க்கச் சொன்னது அண்ணாதான்.

பினியன் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்பதை ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கினால் பேரிங் பாழாகும். அதனால் அண்ணா பழைய பேரிங் ஒன்றின் உள்வட்டத்தைத் தேய்த்துக் கையால் வழுக்கி ஏறும்படி செய்து வைத்திருந்தார். அளவு சரியாகும் வரை அதை வைத்துச் சோதித்துவிட்டுக் கடைசியில் புதியதைப் போடலாம்.

எல்லாவற்றையும் பூட்டி, கிரவுன் பற்களில் மஞ்சள் பசையைத் தடவி, இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தோம். பல்லும் பல்லும் உரசும் இடத்தில் பசை விலகி, ஒரு முட்டை வடிவத் தடம் தெரியும். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். எங்களுக்கு வேர்ப்பக்கமாக இறங்கி விழுந்திருந்தது. பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது என்று பொருள். ஷிம்மை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு குறைத்து மறுபடி பூட்டினோம். தடம் மேலே வந்தது. வண்டியை முன்னால் இழுக்கும்போது அழுந்தும் டிரைவ் பக்கம் நன்றாக இருந்தது. ஆக்சிலரேட்டரை விடும்போது அழுந்தும் கோஸ்ட் பக்கம் ஒரு முடியளவு வெளியே.

இதுவே போதும் என்று எனக்குப் பட்டது. அண்ணா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து, "தம்பி, கண்ணுக்குச் சரியா இருக்குதுன்னு விட்டுறாதீங்க. இன்னொருக்கா கழட்டிப் போட்டுரலாமுங்க" என்றார்.

கழற்றினோம். இந்த முறை டயல் கேஜில் பல் இடைவெளி 0.15 மி.மீ. கம்பெனி சொல்லும் அளவு 0.12 முதல் 0.20 வரை. நான்கு இடங்களில் அளந்தோம், நான்கிலும் ஏறக்குறைய அதே. தடம் இரண்டு பக்கமும் நடுவில் விழுந்தது. சமையலறையிலிருந்து காபியோடு வந்த என் மனைவி, "ஒரு பல்லுக்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள். மஞ்சள் தடத்தைக் காட்டி விளக்கியதும் அவளே குனிந்து பார்த்து, "ஆமா, நடுவுல இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 20

முன் ஆக்சிலும் முடிந்தது. அதே முறை, அதே பொறுமை. முதலில் பதினைந்து இருபது மைல் மெதுவாக ஓட்டிவிட்டு முழுக்க ஆற விட வேண்டும். ஐந்நூறு மைலில் ஆயில் மாற்ற வேண்டும். புதுப் பல் ஒன்றோடொன்று பழகும் காலத்தில் சூடாகிவிட்டால் போட்ட உழைப்பெல்லாம் வீண்.

லாக்கர் காற்றில் இயங்குவது, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் அதைச் சுற்ற எவ்வளவு சொற்ப விசை போதுமோ, அதே சொற்பம்தான் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் போகும். வண்டி அசையாது. பொத்தானை அமுக்கினால் கம்ப்ரசர் காற்று உள்ளே ஒரு வளையத்தைத் தள்ளி இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். எடுத்துவிட்டால் பழையபடி சாதாரண டிஃபரன்ஷியல், ஹைவேயில் தொல்லை இல்லை.

மே 11

டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றி மேசையில் வைத்தாயிற்று. 231 என்ற இந்த மாடலுக்கு, லோ ரேஞ்ச் தரும் பிளானட்டரி கியரை மாற்றி 4:1 ஆக்கும் கிட் கிடைக்கிறது. ரூபிகன் பெயரில் விற்ற ராங்ளரில் 2003 முதல் கம்பெனியே 4:1 கேஸ் போட்டுத் தந்தது. நாம் இப்போது செய்வது அதே விகிதத்துக்கு வருவதுதான்.

கூடவே பின் அவுட்புட்டில் ஷாஃப்டைப் பிடிக்கும் வழுக்கும் யோக்கை எடுத்துவிட்டு நிலையான யோக். இதனால் பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளமாகும், கோணம் குறையும். கேஸ் பக்கம் இரட்டை யூ ஜாயின்ட் வைத்த ஷாஃப்ட், பினியன் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்க ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம். இதெல்லாம் இல்லாமல் வயிற்றை மேலே ஏற்றினால் அறுபது மைல் வேகத்தில் தரையெல்லாம் அதிரும்.

மே 25

வயிறு ஏறிவிட்டது. இந்த வண்டியில் கியர்பாக்ஸைத் தாங்கும் இரும்புத் தட்டு சேஸிஸுக்குக் கீழே தொட்டி மாதிரி தொங்கும். பாறை முகட்டில் வண்டி அமர்ந்துவிடுவது அங்கேதான். அதற்குப் பதில் தட்டையான தட்டு. எஞ்சின் மவுன்ட்டையும் ஒரு அங்குலம் உயர்த்தியதால் எல்லாம் ஒரே கோட்டில் வந்தது. வண்டியைத் தூக்காமலே நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடம் கிடைத்தது.

கதவுக்குக் கீழே இருக்கும் தகரத்துக்கு மேல் கனமான இரும்புப் பட்டைகள். வெல்டிங் முழுக்க அண்ணா. முழு வண்டி எடையும் இதன் மேல் உட்கார்ந்து வழுக்கப்போகிறது, போல்ட் தலைகள் வெளியே துருத்தக் கூடாது என்று ஒவ்வொன்றையும் குழி போட்டு உள்ளே தள்ளினார்.

முன்னால், சிக்கிய வண்டியை இழுக்க 8000 பவுண்ட் வின்ச், செயற்கை இழைக் கயிறு. இரும்பு வடம் அறுந்தால் சாட்டை போல் திரும்பி அடிக்கும். இழைக் கயிறு பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். எடையும் குறைவு.

ஜூன் 15

பிரெய்ரி சிட்டி. பொழுதுபோக்கு வண்டிகளுக்காக மாநில அரசு நடத்தும் இடம், வீட்டிலிருந்து பக்கம். பாறை அடுக்கி வைத்த பகுதியில் காலை முழுவதும் ஓட்டினேன்.

டயர் காற்றை 35-லிருந்து 14 பிஎஸ்ஐ-க்கு இறக்கினேன். செலவே இல்லாத மாற்றம், பலனோ மற்ற எதற்கும் குறையாது. கடினமாக இருந்த ரப்பர் கல்லின் விளிம்பைச் சுற்றி மடிந்து பிடிக்கிறது. இன்னும் குறைத்தால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

78 என்ற விகிதத்தின் அருமை இன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது. கிளட்சில் கால் வைக்கத் தேவையே இல்லை. இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலரேட்டரில். இரண்டையும் சேர்த்து அமுக்கி வண்டியை அங்குலம் அங்குலமாக விட முடிகிறது.

அண்ணா வழி சொல்ல முன்னால் நின்றார். இடது, வலது என்று சொல்வதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். எதிரெதிரே நிற்பவர்களுக்கு அது குழப்பம். "டிரைவர் பக்கம்", "பாசஞ்சர் பக்கம்", அவ்வளவுதான். கை முஷ்டி மூடினால் நில். பேசுவது ஒரே ஆள்தான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 3

ரூபிகன். இரவு பக் ஐலண்ட் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்களோடு இன்னும் இரண்டு ஜீப்புகள்.

கிளம்பும் முன் ஆயில் சிந்தினால் உறிஞ்சும் துணிப் பை இருக்கிறதா என்று ஒவ்வொரு வண்டியிலும் பார்த்துக்கொண்டோம். எல் டொராடோ கவுன்டியில் இந்தப் பாதைக்கு அது கட்டாயம். மனிதக் கழிவையும் பையில் கட்டிக் கொண்டுவந்துவிட வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் பாதையையே மூடிவிடுவார்கள். மூடவிடாமல் பல வருடம் போராடிக் காப்பாற்றிய வழி இது.

கேட்கீப்பர் என்ற பாறை அடுக்கு ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. இங்கே தடுமாறும் வண்டி மேலே போகாமல் திரும்பிவிடலாம் என்பதால் அந்தப் பெயர். அண்ணா இறங்கி நடந்தார். முன் டயர் மார்பளவுப் பாறையின் மேல் ஒட்டி நின்றது. லாக்கர் இரண்டையும் பூட்டினேன். ரப்பர் கல்லை அழுத்திக்கொண்டு மடிவதும் மெல்ல மேலே ஏறுவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பிரேக்கைக் கொஞ்சம் விட்டேன். பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பி நின்றது. முன்பு இருந்த விகிதத்தில் இந்த இடத்தில் வேகம் எடுத்துத்தான் ஏறியிருக்க முடியும். இப்போது எஞ்சின் சத்தம்கூட மாறவில்லை. பாசஞ்சர் பக்கப் பட்டை பாறையில் அமர்ந்து கிரீச்சென்று உரசியது. "விடுங்க, விடுங்க, அப்படியே வழுக்கட்டும்" என்றார் அண்ணா. வழுக்கி இறங்கியது.

ஆகஸ்ட் 4

பிக் ஸ்லூஸ் நீளமான இறக்கம். லோ கியரில் எஞ்சினின் கம்ப்ரஷனே வண்டியைப் பிடித்துக்கொண்டது, பிரேக் சூடாகவே இல்லை. ரூபிகன் ஸ்பிரிங்ஸ் தாண்டி காடிலாக் ஹில் ஏற்றத்தில் முன்னால் போன வண்டிக்கு வின்ச் தேவைப்பட்டது. மரத்துக்கு அகலப் பட்டை கட்டி இழுத்தோம். நாங்கள் கயிறு இல்லாமல் ஏறினோம். மாலை டஹோமாவில் தார் ரோடு. கம்ப்ரசரில் காற்று ஏற்றிக்கொண்டு வீடு.

ஆகஸ்ட் 10

கழுவி, ஜாக்கி வைத்து, அடியில் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலும் சுத்தம், காந்தத்தில் மை போன்ற நுண்துகள் மட்டும். தண்ணீர் கலந்து வெளுக்கவில்லை. வயிற்றுத் தட்டில் ஆழமான கீறல்கள், வளைவு இல்லை. முன் சக்கரங்களை இணைக்கும் டை ராட் ஒன்றரை விரல் அளவுக்கு வளைந்திருக்கிறது. கம்பெனிக் குழாய் மெல்லியது, இது எதிர்பார்த்ததுதான். கனமான குழாய் வாங்கி இரண்டு முனையிலும் மரை வெட்ட அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன். பின் ஷாஃப்டின் யூ ஜாயின்ட்டில் கொஞ்சம் ஆட்டம் தெரிகிறது, அதையும் சேர்த்து மாற்றிவிடுவோம். பனி விழுவதற்குள் செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை போகலாம் என்று மூன்று வண்டிக்காரர்களும் பேசியிருக்கிறோம்.