அச்சில்லாத் தகடு வடிப்பு: ரோபோ சிமுலேஷன் நாட்குறிப்பு

ஜூன் 3
1 மி.மீ. அலுமினியத் தகட்டில் 200 மி.மீ. வாயும் 60 மி.மீ. ஆழமும் உள்ள மொட்டைக் கூம்பு. டை (வடிவ அச்சு) கிடையாது. 12 மி.மீ. உருண்டை முனைக் கருவி சுற்றிச் சுற்றி அழுத்தியே வடிவம் எடுக்கும். எட்வர்ட் லெஸாக் 1967-இல் காப்புரிமை பெற்ற வழி இது. சிமுலேஷனைத் திறக்கும் முன் ஒரு கணக்கு: தகட்டின் தடிமனை, தட்டையான தகட்டிலிருந்து அளந்த சுவர்ச் சாய்வின் கொசைனால் பெருக்கினால் மிஞ்சும் தடிமன் வரும். 45 பாகைக்கு 0.71 மி.மீ., 60-க்கு 0.5, 70-க்கு வெறும் 0.34. அங்கே கிழிசலை எதிர்பார்க்கலாம். சாய்வை 55-இல் நிறுத்தியாயிற்று.

ஜூன் 5
தகட்டைப் பிடிக்கும் சட்டம் செங்குத்தாக நிற்கிறது. கருவியை ஆறு அச்சு ரோபோ கையின் நுனித் தட்டான ஃபிளேஞ்சில் நேராகப் பூட்டினால் முன்கையும் கருவியும் ஒரே கோட்டில் வந்து ஐந்தாம் அச்சின் கோணம் பூஜ்யத்தை நெருங்குகிறது. அப்போது நான்காவதும் ஆறாவதும் வெறிபிடித்துச் சுழல, முனை தயங்கும் இடத்தில் தகட்டில் வடு விழும். கருவியை 45 பாகை சாய்த்துப் பிடிக்கும் பிராக்கெட் போட்டதும் திரையில் அந்தச் சிக்கல் மறைந்தது. முனை உருண்டை என்பதால் கருவி அச்சைச் சுற்றி எந்தக் கோணமும் நமக்குச் சம்மதம். மூட்டு எல்லை இடித்தால் அதைத் திருப்பினால் போதும்.

ஜூன் 6
அடுக்கு அடுக்காகப் போகும் பாதை, படி இறங்கும் இடத்திலெல்லாம் தழும்பு விடும். சுற்றுக்கு 0.5 மி.மீ. இறங்கும் சுருள் பாதையே நல்லது. புள்ளிகளை நெருக்கி வைத்தால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை வேண்டாம்: நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் 0.2 மி.மீ. இடைவெளி என்றால் புள்ளிக்கு 4 மில்லிநொடிதான். ரோபோவுக்குக் கட்டளை தரும் கன்ட்ரோலரின் சுழற்சி 12 மில்லிநொடி என்றால் கை திக்கித் திக்கித்தான் நகரும். வளைவைப் பொறுத்து 1–2 மி.மீ. விடலாம். மசகு எண்ணெய் மறக்கக் கூடாது.

ஜூன் 10
சாதாரண சிமுலேஷனில் ரோபோ வளையாத இரும்புத் தூண். நிஜத்தில் அதன் விறைப்பு பெரும்பாலும் மி.மீ.க்கு 1000 நியூட்டனுக்கும் கீழே. 1000 நியூட்டன் விசை வந்தால் முனை 1 மி.மீ.க்கு மேல் பின்வாங்கும். ஆழம் குறைவதற்கு முதல் காரணம் இதுதான். தகட்டின் மீள்வு, அதாவது அழுத்தம் விலகியதும் அது சற்றே திரும்பி வருவது, தனிக் கணக்கு. ஆகவே கிளாம்ப் கழற்றும் முன் ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை அளக்க வேண்டும். வாய் விளிம்பு உள்வாங்கினால் பாதையைக் குறை சொல்லாமல் தகட்டைப் பின்னாலிருந்து தாங்கும் பின்தாங்கு தகட்டின் துளையைப் பாருங்கள், பெரிதாக இருக்கும்.

ஜூன் 12
எஃப்.இ.எம். (தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) தந்த விசையை விறைப்பால் வகுத்து, புள்ளி வாரியாகப் பாதையை எதிர்த்திசையில் நகர்த்தினோம். எங்கும் ஒரே அளவு ஆழம் கூட்டுவது சரிவராது. கை நீண்ட நிலையில் விறைப்பு இன்னும் குறையும். புள்ளிகள் இடம் மாறியதால் மூட்டு எல்லை, சட்டத்தில் மோதல் இரண்டையும் திரையில் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே புரோகிராம் ரோபோவுக்குப் போகும்.